ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான உதவியுடன் கூடிய குடியிருப்பு

ஆட்டிசம் உள்ள வயதுவந்தோர், தமக்கு வேண்டிய அளவு உதவியைப் பெற்றுக்கொண்டு தம் சொந்த வீட்டில் வாழ்வதற்கான ஏற்பாடு. தனி அடுக்ககம், மூன்று நான்கு பேர் சேர்ந்து குடியிருக்கும் வீடு, பண்ணை இல்லம் எனப் பல வடிவங்களில் இது அமைகிறது. சிலருக்கு இரவும் பகலும் ஒருவர் உடனிருக்க வேண்டும். சிலருக்கு வாரத்தில் சில மணி நேரம் ஒருவர் வந்து, வந்த கடிதங்களைப் படித்து விளக்கி, கட்டணங்களைச் செலுத்த உதவினால் போதும். கட்டடம் பெரியதா சிறியதா என்பதைவிட, அதன் கதவு யார் சொன்னால் திறக்கும் என்பதே முக்கியம். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

முன்வரலாறு

அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. 28 ஆண்டுகள் கழித்து, 1971-ல், அதே 11 பேர் என்ன ஆனார்கள் என்று அவர் தேடிப் பார்த்து எழுதினார். அரசு மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் சிறுவயதில் இருந்த துடிப்பையும் திறமையையும் இழந்திருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்டது ஆயுள் தண்டனைக்குச் சமமாகிவிட்டது என்ற முடிவுக்கே கானர் வந்தார்.

அந்த 11 பேரில் நன்றாக வாழ்ந்தவராகப் பெரிதும் அறியப்படுபவர், கட்டுரையின் முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த அவரை, 9 வயதில், வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு பண்ணையில் குடியானவத் தம்பதியிடம் பெற்றோர் விட்டார்கள். சிறுவன் எதையும் அளந்துகொண்டே இருந்தான். கிணறு தோண்டச் சொல்லி ஆழத்தை அளந்து சொல்லும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். செத்த பறவைகளைச் சேர்த்தான். புதைக்க இடம் ஒதுக்கி அடையாளக் குறிகள் நட வைத்தார்கள். 1945-ல் நேரில் போய்ப் பார்த்த கானர், அவன் குதிரை பூட்டி உழுவதைக் கண்டு வியந்தார். எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தத் தம்பதி செய்ததை, இத்துறை பின்னர் பல பத்தாண்டுகள் செலவிட்டு மெல்லக் கற்றுக்கொண்டது. டிரிப்லெட் பட்டம் பெற்று, குடும்ப வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, உலகம் சுற்றி, தான் வளர்ந்த வீட்டிலேயே வாழ்ந்து 2023-ல் 89 வயதில் மறைந்தார். குடும்பத்திடம் பணம் இருந்தது, ஊரும் அவரை அரவணைத்தது. இரண்டும் வாய்க்காதவர்களுக்கு அந்த இடத்தை யார் நிரப்புவது என்பதே பின்னால் வந்த முயற்சிகளின் சிக்கல்.

பெற்றோர் கட்டிய இல்லங்கள்

1960-களில் பிரிட்டனில் பெற்றோர்கள் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். 1962-ல் உருவான அதுவே இன்றைய தேசிய ஆட்டிசம் சங்கம். மனநல மருத்துவரும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயுமான லோர்னா விங் அதன் நிறுவனர்களில் ஒருவர். சிபில் எல்கர் என்ற ஆசிரியை லண்டனில் தன் வீட்டின் நிலவறையில் பாடம் நடத்தத் தொடங்கி, பிறகு சங்கத்தின் ஈலிங் பள்ளியை 1965 முதல் நடத்தினார். பிள்ளைகள் வளர்ந்து பள்ளி வயதைத் தாண்டியதும் பெற்றோரின் முன் வேறு கேள்வி நின்றது: இனி எங்கே? மருத்துவமனை வார்டைத் தவிர எங்கும் இடமில்லை. 1974-ல் சாமர்செட் மாவட்டத்தின் பிரென்ட் நோல் ஊரில், தோட்டம் சூழ்ந்த பெரிய மாளிகை ஒன்றில் சாமர்செட் கோர்ட் திறக்கப்பட்டது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்றே பிரிட்டனில் அமைந்த முதல் இல்லம் அது. எல்கரே அங்கு சென்று நடத்தினார்.

அதைப் பார்த்துத் திரும்பிய பெட்டி ரூத் கே என்ற அமெரிக்க ஆசிரியை, 1983-ல் ஒஹாயோ மாநிலத்தில் பிட்டர்ஸ்வீட் ஃபார்ம்ஸ் என்ற பண்ணை இல்லத்தை உருவாக்கினார். ஆடுமாடு, காய்கறித் தோட்டம், தச்சு வேலை என நாள் முழுவதும் கண்ணுக்குப் பொருள் விளங்கும் வேலை அங்கே இருந்தது.

உரிமை என்ற கருத்து

வேறொரு திசையிலிருந்து மாற்றம் வந்தது. டென்மார்க்கின் நீல்ஸ் எரிக் பாங்க்-மிக்கெல்சன் முயற்சியில் உருவான 1959-ஆம் ஆண்டுச் சட்டம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போன்ற வாழ்க்கை அமைய வேண்டும் என்றது. சுவீடனின் பெங்ட் நிர்ஜே 1969-ல் அதை விரிவாக எழுதினார்: காலையில் எழுந்து உடுத்துவது, வேலைக்கு வெளியே போவது, வார விடுமுறை, சொந்தப் பணம் எல்லாம் எவருக்கும் உரியவை. 1972-ல் நியூயார்க்கின் வில்லோபுரூக் அரசுப் பள்ளி என்ற காப்பகத்துக்குள் தொலைக்காட்சிக் கேமரா நுழைந்து, அழுக்கில் நிர்வாணமாகக் கிடந்தவர்களைக் காட்டியது. அதன்பின் பெரிய காப்பகங்களை நியாயப்படுத்துவது கடினமாகியது. 1981 முதல் அமெரிக்க மருத்துவ உதவித் திட்டத்தின் பணம் காப்பகத்துக்கு மட்டும் போகாமல் வீட்டுக்கும் வரத் தொடங்கியது. தேவையில்லாமல் ஒருவரை நிறுவனத்துக்குள் வைத்திருப்பதே பாகுபாடு என்று 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓல்ம்ஸ்டெட் வழக்கில் தீர்ப்பளித்தது.

சுவீடன் 1994-ல் நடைமுறைப்படுத்திய சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்தது. அங்குள்ள குழு வீடுகளில் ஒவ்வொருவருக்கும் சமையலறையும் குளியலறையும் உள்ள தனி வீடு. அருகிலேயே பொது அறையும் பணியாளர்களும்.

சாமர்செட் கோர்ட்டின் பின்கதை

நல்லெண்ணத்தில் பிறந்த இடமும் மூடியே கிடந்தால் கெடும் என்பதற்கு இத்துறையின் முதல் இல்லமே சான்றாகிவிட்டது. 2016-ல், அதே வளாகத்தில் 6 பேர் வாழ்ந்த மெண்டிப் ஹவுஸில் பணியாளர்கள் அவர்களைக் கேலி செய்து துன்புறுத்தியதும், தாங்கள் வெளியே சாப்பிட்ட செலவை அவர்கள் பணத்தில் ஏற்றியதும் வெளிவந்தன, வீடு மூடப்பட்டது. 2018-ல் வெளியான ஆய்வறிக்கை, வெகுதொலைவிலிருந்த நகராட்சிகள் ஆட்களை அனுப்பிவிட்டு எட்டிப் பார்க்காமல் இருந்ததைச் சுட்டியது. அங்கே வாழ்ந்தவர்களில் பலரால் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர்களுக்காகக் கேட்க அயலாரோ கடைக்காரரோ அந்த வளாகத்துக்குள் வந்து போகவில்லை.

பண்ணை வேண்டுமா, தெருவில் ஒரு வீடு வேண்டுமா என்ற விவாதம் இன்றும் சூடாகவே நடக்கிறது. சத்தமும் நெரிசலும் தாங்காத பிள்ளைக்கு வயல்வெளிதான் நிம்மதி என்று பல பெற்றோர் வாதிடுகிறார்கள்; அந்த நிம்மதி உண்மையானது. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்புகள், 2006-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க் முதலாக, ஊரிலிருந்து விலக்கிய எந்த வளாகத்தையும் எதிர்க்கின்றன. இடம் எதுவானாலும், வீட்டை வைத்திருப்பவரும் உதவி அளிப்பவரும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் ஏற்றால் பாதிச் சண்டை தீரும். உதவியாளர் சரியில்லை என்றால் உதவியாளரை மாற்றலாம். வீட்டை இழக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் இத்தகைய குடியிருப்பு காப்பகத்திலிருந்து வேறுபடுவது இங்கேதான்: வாடகை ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில் இருக்கும். அமெரிக்காவின் 2014-ஆம் ஆண்டு விதிகள், அரசுப் பணம் பெறும் இல்லங்களில் அறைக்குப் பூட்டு, விரும்பிய நேரத்தில் உணவு, விரும்பிய நேரத்தில் விருந்தினர் ஆகியவற்றைக் கட்டாயமாக்கின.

அன்றாட நடைமுறை

வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் வளர்த்தெடுத்த டீச் முறை, பேச்சைவிடக் கண்ணால் பார்ப்பதை நம்பியது. 1972 முதல் அது மாநிலம் முழுவதும் பரவியது. இன்றைய இல்லங்களில் அதன் தடம் எங்கும் தெரியும். சலவை இயந்திரத்தின் மேல் ஒரு படப் பட்டை ஒட்டியிருக்கும்: துணி, ஒரு மூடி சோப்புத் தூள், கதவு, அழுத்த வேண்டிய பொத்தான். உதவியாளர் முதலில் கைபிடித்துக் காட்டுவார். பிறகு படத்தைச் சுட்டுவார். பிறகு வாசலில் நிற்பார். கடைசியில் வரவே மாட்டார். அந்தக் கடைசிப் படிக்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டும் ஆகலாம். பொறுக்காத உதவியாளர் தானே துவைத்துப் போட்டுவிடுவார். அன்றைக்கு வேலை முடியும், கற்றல் நின்றுவிடும்.

சுவரில் ஒரு பலகையில் இன்று இரவு யார் பணிக்கு வருகிறார் என்ற புகைப்படம் இருக்கும். ஆள் மாறுவது சொல்லாமல் நடந்தால் சிலருக்கு அந்த நாளே குலைந்துபோகும். ரீங்கரிக்கும் குழல் விளக்கை மாற்றுவது, தரை துடைக்கும் திரவத்தின் வாசனையைத் தவிர்ப்பது போன்றவை செலவில் சிறியவை, பலனில் பெரியவை. உதவி கேட்கத் தெரிவதும், வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் சமையலைப் போலவே கற்பிக்க வேண்டிய திறன்கள்.

இந்தியா

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்து, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை அமர்த்தவும் வழி செய்தது. அறக்கட்டளையின் கரௌண்டா திட்டம் வாழ்நாள் முழுவதற்குமான குழு இல்லங்களுக்கு உதவுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2007-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவைத் தழுவி, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, அவர்களில் எவரும் குறிப்பிட்ட ஓர் இருப்பிடத்தில் வாழக் கட்டாயப்படுத்தப்படாமல் இருக்க அரசு முயல வேண்டும் என்கிறது.

ஆனாலும் இங்கே பெரும்பாலோர் பெற்றோர் வீட்டிலேயே வாழ்கிறார்கள். "எங்களுக்குப் பிறகு யார்?" என்ற கேள்விக்கு, அண்ணன் தங்கையின் மனதையும் வசதியையும் நம்புவதே வழக்கமான விடை. பெற்றோர்கள் கூடி நிலம் வாங்கி, அருகருகே வீடு கட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. அவற்றுக்காக எழுதப்படும் அறக்கட்டளைப் பத்திரத்தில் பிள்ளைகள் பயனாளிகளாக மட்டும் இடம்பெறாமல், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் அவர்கள் பெயரிலேயே எழுதப்பட வேண்டும்.