மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்: ஒரு சிறுகத்தியின் வரலாறு

பெங்களூரு அரசு அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ள பேகூர் நடுகல், கங்கர் காலப் போர் ஒன்றைக் கல்லில் காட்டுகிறது. அதில் வீரர்களின் படைக்கலங்கள் தெளிவாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அங்குள்ள ஆதகூர்க் கல்லில் (கி.பி. 949-50) காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் நாயும் இடம்பெற்றுள்ளது. நாய்க்கும் கல் எடுத்த மண்ணில், மக்கள் நாள்தோறும் உடன்கொண்டு திரிந்த சிறுகத்திக்கு அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. போர்க்கருவி கல்லேறியது; புழங்குகருவி தேய்ந்து மறைந்தது. எனவே சிறுகத்தியின் வரலாற்றைப் படைக்கல ஆய்வில் தேடுவதினும் எழுதுகருவிகளிடையே தேடுவதே பொருத்தமாகும்.

தமிழில் எழுத்தாணி ஒருவகைப்பட்டதன்று. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அது வழங்கிய திறத்தை உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ (நூல்வடிவம் 1950) வாயிலாக அறிகிறோம். வாரெழுத்தாணியின் ஒருமுனை எழுதுவதற்கும் மறுமுனை ஓலை வாருவதற்கும் உரியன. மடக்கெழுத்தாணியோ பிடிக்குள் மடங்குவது. எழுத்தாணியும் சிறுகத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும் கருவிகள் அருங்காட்சியகங்களில் காணக்கிடைக்கின்றன. இடுப்பு மடிப்பில் செருகினாலும் உடலைக் கீறாது. ஓலைக்கட்டோடு வைத்தாலும் ஏட்டைக் கிழிக்காது. ஊர்தோறும் செல்லும் கணக்கருக்கும் புலவருக்கும் இவ்வமைப்பு எத்துணை உதவியிருக்கும் என விளக்க வேண்டுவதில்லை.

இக்கருவியைத் தெரிவதில் செல்வநிலை வெளிப்பட்ட இடம் பிடியே. தந்தப்பிடி செல்வர்க்கு, மரப்பிடியும் மாட்டுக்கொம்புப் பிடியும் ஏனையோர்க்கு எனக் கொள்வதில் பிழையிராது. அலகின் பணியோ இருவர்க்கும் ஒன்றே. ஓலையின் ஈர்க்கைக் களைந்து ஓரங்களைச் சமன்செய்ய மெல்லிய குறுகிய அலகு போதும். தடித்த அலகு ஓலையைப் பிளந்துவிடும். ஆதலின் விலை மிகுந்த கத்தி சிறந்த ஏட்டைத் தரும் என்பதற்கில்லை.

ஐரோப்பாவிலும் இதனோடு ஒத்த நிலையே காணப்படுகிறது. இறகுப்பேனாவின் முனையைச் சீவுவதற்கென அமைந்த சிறுகத்தியே அங்குப் பேனாக்கத்தி எனப் பெயர்பெற்றது. பனையோலையும் பறவையிறகும் வேறாயினும், எழுதுவோன் கையில் கத்தி இருந்தேயாக வேண்டும் என்னும் தேவை ஒன்றே. இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன எனலாம். ஆனால் உலோகத்தின் வழியே அவை ஒருமுறை சந்தித்தன. அச்சந்திப்பில் கன்னட நாட்டுக்கும் பங்குண்டு.

பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலெனஸ் ஸ்காட், ‘ஊட்ஸ்’ என்னும் உருக்கின் மாதிரிகளை 1794இல் இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் எழுதிய கட்டுரை 1795இல் இராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலர் அவ்வுருக்கைக் கொண்டு செய்துபார்த்த பொருள் வாளன்று, ஒரு பேனாக்கத்தி. கரிமம் மிகுந்த இவ்வுருக்கு மிகுசூட்டில் அடித்தால் நொறுங்கும். ஆகவே இருளில் மட்டுமே புலப்படும் மங்கிய செம்மையில் அதனை அவர் அடித்தார். அதன் கூர்மை சிறந்த எஃகுக் கத்திக்கு ஈடாக இருந்ததாகக் கட்டுரை பதிவுசெய்கிறது. அதன் தலைப்பு இவ்வுருக்கு பம்பாயில் செய்யப்பட்டது என்கிறது. உண்மையில் பம்பாய் அதன் துறைமுகமேயன்றி உலைக்களம் அன்று. தென்னிந்திய உள்நாட்டு உலைகளே அதன் பிறப்பிடம். 1800-01இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கனன் அங்கு உருக்கு வடித்த முறையை விரிவாக எழுதியுள்ளார். ‘ஊட்ஸ்’ என்பது ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபு என்பது பலர் ஏற்கும் கருத்து. அதனைத் தமிழ் ‘உருக்கு’ என்பதோடு அறிஞர் இணைத்துக் காண்பர். உலகைச் சுற்றிய ஒரு சொல் இலண்டனில் முதலில் எழுதுவோன் கத்தியாக உருப்பெற்றது நயமான நிகழ்வே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் ஆலைகளின் எஃகு முட்கள் இறகை வீழ்த்தின. இங்குத் தாளும் அச்சும் ஓலையை வீழ்த்தின. கத்தியின் எழுத்துப்பணி இரு நாட்டிலும் ஒழிந்தது. எனினும் போர்த்துக்கேசிய ‘பெனா’வின் வழிவந்த ‘பேனா’வோடு ‘கத்தி’ சேர்ந்து தமிழில் பேனாக்கத்தி நிலைபெற்றது. பாக்கு நறுக்கவும் பழம் அரியவும் பென்சில் சீவவும் பயன்பட்ட கருவி, தான் அறியாத இறகின் பெயரைச் சுமந்தது. மடக்கெழுத்தாணி என்னும் சொல்லோ கத்தியைச் சுட்டும் ஆற்றலைப் பெறவேயில்லை.

சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், கத்திகளைப் பொறுத்தவரை ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ கடந்தவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன. வீடு, வேளாண்மை, தொழில் ஆகியவற்றுக்கு உரியனவற்றுக்கு விலக்கும் அளிக்கின்றன. சிறுகத்தி இவ்வெல்லைக்கு மிகவும் உட்பட்டது.

எழுத்தாணிகளை வகைப்படுத்துவோர் பெரும்பாலும் எழுதுமுனையையே நோக்குவர். கத்திப்பாதி துணையுறுப்பாகவே எண்ணப்படுகிறது. அலகின் நீளம், மடிப்பாணியின் தேய்வு, பிடியின் பொருள், சாணைக்கல் பட்டு அலகு குறைந்த அளவு ஆகியனவும் பட்டியலில் இடம்பெறுதல் வேண்டும். முனை தேயாது அலகு மட்டும் தேய்ந்த எழுத்தாணி கிடைக்குமாயின், அதன் உடைமையாளர் எழுதுவதை விட்ட பின்னரும் அதனை மடியில் வைத்திருந்தாரா என்னும் வினாவை அப்போது எழுப்பலாம்.