வேகம் மலிவு, ரோடுதான் விலை

போன வாரம் புதுக்கோட்டைக்குப் போயிருந்தேன். மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில ஒரு ஆர்எக்ஸ் 100, மேல சாக்கு போர்த்தி நிக்குது. கிலோமீட்டர் முள் 80,000-ஐத் தாண்டினதும் கேபிள் அறுந்துபோச்சு. அதுக்கப்புறம் எவ்வளவு ஓடுச்சுன்னு யாருக்கும் கணக்கு இல்ல. ஒன்பது வருஷம் முன்னாடி, காலேஜ் ரெண்டாம் வருஷத்துல, அதை டிராக் ரேஸ் வண்டியா மாத்தினவன் நான்தான். மொத்த பட்ஜெட் 15,000 ரூபாய். அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி, கொஞ்சம் வரலாறு.

டிராக் ரேஸ்னா என்ன? நேர் ரோடு. நின்ன இடத்துலேர்ந்து ரெண்டு வண்டி கிளம்பும். கால் மைல், அதாவது 402 மீட்டர். முதல்ல போய்ச் சேர்றவர் ஜெயிச்சார். வளைவு கிடையாது, அதனால விலை உயர்ந்த சஸ்பென்ஷனும் தேவையில்லை. இன்ஜினும் கியரும் டயரும் பேசும். காசில்லாத பையன்களுக்கு இந்த விளையாட்டு பிடிச்சதுக்குக் காரணமே இதுதான்.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு வந்த அமெரிக்க இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழற்றி எறிஞ்சிட்டு, ஊர் ரோட்டுல ஓட்டினாங்க. விபத்தும் நடந்தது, போலீஸும் வந்தது. 1950-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ஒரு விமான ஓடுபாதையைப் பிடிச்சு, காசு வாங்கிக்கிட்டு முறையா ரேஸ் விட ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பையன்களை ரோட்டுலேர்ந்து எடுத்து ஓடுபாதையில விடணும், அதுதான் நோக்கம். 1964-ல் பான்டியாக் ஜிடிஓ வந்தது: நடுத்தர சைஸ் கார், உள்ளே 6.4 லிட்டர் வி8 இன்ஜின். மஸில் கார் காலம் அதோட சூடு பிடிச்சது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் பெட்ரோல் குடிக்கிற அந்த வண்டிகளோட மவுசு குறைஞ்சது. நிறைய ஓடித் தேய்ஞ்ச மஸில் கார், காசில்லாதவனோட ரேஸ் காரா மாறினது இப்படித்தான்.

நம்ம பக்கமும் கதை ஒரு ஓடுபாதையிலதான் ஆரம்பிக்குது. சென்னைக்கு வடக்கே சோழவரம். அதுவும் போர்க்கால விமானத்தளம்தான். 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்துச்சு. டிராக் ரேஸைவிட சுற்றுப் பந்தயம்தான் அங்கே பிரதானம். ஆனா மனநிலை அதேதான்: சந்தையில கிடைச்ச ஃபியட்டையும் ஹெரால்டையும் சீட்டைக் கழற்றி, இன்ஜினைத் திருத்தி ஓட்டினாங்க. கோயம்புத்தூர் கரிவரதன் இன்னும் ஒரு படி மேல போனார். மாருதி 800 இன்ஜினை வச்சே குறைஞ்ச செலவுல ஒற்றை சீட் ரேஸ் காரைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் தொடங்கினது அந்த ஃபார்முலா மாருதியிலதான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் ஓட்டினார். சோழவரத்துக்கு அப்புறம் பந்தயம் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது.

சரி, கார் வாங்க வழியில்லாத புதுக்கோட்டைப் பையனுக்கு மஸில் கார் எது? ஆர்எக்ஸ் 100. 1985-ல் வந்தது, 1996-ல் நின்னது. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். எடை கிட்டத்தட்ட 100 கிலோ, அவ்வளவுதான். சின்ன உடம்புல பெரிய மூச்சு.

எனக்குச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் முதல் நாளே ஒண்ணு சொன்னார்: "தம்பி, ஓடித் தேஞ்ச வண்டியில பவர் ஏத்தாத. மொதல்ல போன பவரைத் திருப்பிக் கொண்டா." பாதிக் காசு அதுக்கே போச்சு. சிலிண்டரை ரீபோர் பண்ணி புது பிஸ்டன், கிராங்க் பேரிங், ரெண்டு பக்கமும் ஆயில் சீல். சீல் கசிஞ்சா வெளிக்காத்து உள்ளே வரும், கலவையில பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கும். அதுக்கு அப்புறம்தான் லேத் பட்டறை. எக்ஸாஸ்ட் போர்ட்டை மேல கொஞ்சம் உயர்த்தினோம், ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏத்தினோம், வயிறு பெருத்த சைலன்சர் வச்சோம். சும்மா சத்தத்துக்கு இல்லைங்க. வெளியேறுற புகையோட அழுத்த அலை அந்த வயித்துல மோதித் திரும்பி வந்து, தப்பிக்கப் பார்க்கிற புதுக் கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கார்புரேட்டர் ஜெட், பின்னாடி ஸ்பிராக்கெட். காசு தீர்ந்துபோச்சு.

பிரேக்குக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. முன்னாடி அதே பழைய டிரம் பிரேக்.

அந்த வண்டியை எங்கே ஓட்டினோம்? பைபாஸ்ல, ராத்திரி 11 மணிக்கு. மூணாவது ஓட்டம் நான் போகலை, நண்பன் கேட்டான்னு அவன்கிட்ட கொடுத்தேன். எதிர்ல லைட் இல்லாம ஒரு டிராக்டர். அவன் பிரேக் பிடிச்சான், வண்டி நிக்கலை. வலது கால் எலும்புல இன்னும் பிளேட் இருக்கு. "நான்தானடா கேட்டு வாங்கினேன்"னு அவன் இன்னிக்கும் சொல்றான். ஆனா சாவியைக் கொடுத்தது என் கை.

இதுல எனக்கு உறைக்கிறது என்னன்னா, ரோட்டுல பந்தயம் விடுறது எப்படின்னு எங்க மாவட்டத்துக்கு நல்லாவே தெரியும். கோயில் திருவிழான்னா மாட்டுவண்டிப் பந்தயம் இருக்கும். பெரிய மாடு, கரிச்சான் மாடுன்னு பிரிவு இருக்கும். போய்வர இத்தனை மைல்னு எல்லை குறிப்பாங்க. ரோட்டுல மத்த வண்டியை நிறுத்திடுவாங்க, விழாக் கமிட்டி பொறுப்பு எடுத்துக்கும், ஊரே ரெண்டு பக்கமும் நிக்கும். மாட்டுக்குச் செஞ்ச இந்த ஏற்பாட்டை பைக்குக்கு யாரும் யோசிக்கலை. நாங்களும் போய்க் கேட்கலை. சாண்டா அனாவும் சோழவரமும் கொடுத்தது வேகத்தை இல்லை, எதிர்ல டிராக்டர் வராத ஒரு ரோடு. வேகத்தை 15,000 ரூபாய்க்கு லேத் பட்டறையிலயே வாங்கிடலாம். அந்த ரோட்டை ஒருத்தன் தனியா வாங்க முடியாது, ஊர் சேர்ந்துதான் கொடுக்கணும்.

இப்போ தேசிய பைக் டிராக் ரேஸ் நடக்குது, அதுல டூ ஸ்ட்ரோக்குக்குத் தனிப் பிரிவே இருக்கு. கொட்டகையில பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: முதல் செலவு பிரேக், ரெண்டாவது ஹெல்மெட், மூணாவது அங்கே போற பஸ் டிக்கெட். போர்ட்டிங் எல்லாம் அதுக்கு அப்புறம்.

போன வாரம் சாக்கை எடுத்துட்டு, நண்பனும் நானும் சேர்ந்து முன் பிரேக் ஷூவை மாத்தினோம். அவன்தான் ஸ்பேனர் பிடிச்சான். ரெண்டாவது உதையில வண்டி ஸ்டார்ட் ஆச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.