இன்வெர்ட்டர் (வீட்டு உபயோகம்)

இன்வெர்ட்டர்: பேட்டரியில் சேமித்த நேர்திசை மின்னோட்டத்தை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி, மின்தடையின்போது வழங்கும் கருவி. மின்சாரம் வந்ததும் தானே பேட்டரியைச் சார்ஜ் செய்யும்.

வகைகள்: அலைவடிவப்படி சதுர அலை, சைன் அலை எனப் பொதுவாக இருவகை. மோட்டார் உள்ள சாதனங்களுக்குச் சைன் அலையே ஏற்றது. சதுர அலையில் மின்விசிறி இரையும். பேட்டரிகளில் ஈய-அமில வகையும் லித்தியம் வகையும் உண்டு.

கொள்ளளவு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் பெயரளவு ஆற்றல் 1,800 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பால் கிடைப்பது இதனினும் குறைவு.

நிறுவுதல்: 600 வாட் சுமைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் பாயும், எனவே கேபிள் தடித்ததாகவும் குட்டையாகவும் இருத்தல் வேண்டும். பேட்டரிப் பக்கம் ஃபியூஸும் முறையான எர்த்தும் தேவை. இன்வெர்ட்டர் மின்சாரம் வெளி லைனுக்குத் திரும்பிப் பாயாதவாறு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் இணைப்புத் தரவேண்டும்.

பாதுகாப்பு: ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிப்படும், காற்றில் 4 விழுக்காட்டை எட்டினால் அது தீப்பற்றக்கூடும். மும்பையின் ஆண்டாப் ஹில் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பு, சாமி விளக்கு ஆகியவற்றுக்கு அப்பால் வைத்தல் அவசியம். நீர்மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும், அமிலம் சேர்க்கலாகாது. டெர்மினலைத் தொடுமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றவேண்டும்.

பின்னணி: தமிழ்நாட்டில் 2008 முதல் நிலவிய மின்பற்றாக்குறை இன்வெர்ட்டரைப் பரவலாக்கியது. மின்வெட்டு அரிதான மும்பையிலும் 2020 அக்டோபர் 12 அன்று மின்தொகுப்புக் கோளாறால் நகரின் பெரும்பகுதி மின்சாரமின்றி நின்றது; புறநகர் ரயில்களும் ஓடவில்லை.