காற்றில் இல்லாத கடவுள்

2003ஆம் ஆண்டு மார்ச் 25. திருச்சபை மங்கள வார்த்தைத் திருநாளைக் கொண்டாடிய அந்நாளில், ஈராக்கின் பாலைவெளி எங்கும் வானம் செம்மஞ்சளாக மாறியது. நண்பகலே அந்திபோல் இருண்டது. குவைத் எல்லையிலிருந்து புறப்பட்டு ஐந்தே நாட்களில் நஜாப் நகர்ப்புறம் வரை விரைந்துவந்த அமெரிக்கப் படை, புழுதிப் புயலின் முன்னே தளர்ந்து நின்றது.

காரணம் எளியது. மத்தியதரைக் கடற்புறமிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு கிழக்கு நோக்கி நகர்ந்துவந்தது. அதன் முன்னே தெற்கிலிருந்து வெப்பக்காற்று வீசியது. பின்னே வடமேற்கிலிருந்து குளிர்ந்த 'ஷமால்' பாய்ந்தது. 'ஷமால்' என்றால் அரபு மொழியில் வடக்கு என்று பொருள். வறண்ட மண்ணின் நுண்துகள்களை அக்காற்று வாரி எழுப்பியது. மழையும் பெய்தது, புழுதியினூடே விழுந்த துளிகள் சேறாகவே தரையை அடைந்தன. ஹெலிகாப்டர்கள் எழும்ப முடியவில்லை. சில அடி தூரத்தில் நின்ற வண்டியும் கண்ணுக்குப் புலப்படவில்லை.

இறைவனே தங்களைக் காக்க இப்புயலை அனுப்பினார் என்று நம்பியவர்கள் ஈராக்கில் இருந்தனர். அவர்களை நாம் எள்ளி நகையாட வேண்டாம். செங்கடலைப் பிளந்த கீழைக்காற்றையும், சீசராவின் படையை வாரிச் சென்ற கீசோன் ஆற்றையும் நம் விவிலியமே போற்றிப் பாடுகிறதன்றோ?

ஆனால் அப்புழுதி அவர்களுக்குக் கேடயமாகவில்லை. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் மேகமும் புகையும் ஒளிக்கதிர் வழி செல்லும் குண்டுகளைத் தடுமாறச் செய்தன. அப்பட்டறிவால் உருவானவை செயற்கைக்கோள் வழிகாட்டும் குண்டுகள். புயலை நம்பி நகர்ந்த குடியரசுக் காவல் படையினர்மீது அவை புழுதியைத் துளைத்து விழுந்தன. மார்ச் 26 அன்று, புயல் ஓயுமுன்பே, பாக்தாதின் அல் ஷாப் பகுதிக் கடைவீதியில் நிகழ்ந்த வெடிப்பில் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. காற்று எவர் பக்கமும் சாட்சி சொல்லவில்லை.

ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் கண்டெடுக்கப்படவே இல்லை. அதன்பின் எழுந்த வன்முறையில் ஈராக்கின் தொன்மையான கல்தேயத் திருச்சபையின் மக்கள் பல்லாயிரவர் வீடிழந்து நாடு கடந்தனர்.

இப்போரைத் தடுக்கத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இறுதிவரை முயன்றார். மார்ச் 5, திருநீற்றுப் புதனன்று, அமைதிக்காக நோன்பிருக்க உலகை அழைத்தார். அன்றே அவருடைய தூதராகக் கர்தினால் பியோ லாகி அமெரிக்க அதிபரைச் சந்தித்தார். பயனில்லை. விசுவாசத்தின் தந்தை ஆபிரகாம் புறப்பட்ட ஊர் என்னும் நகரைக் காண, 2000ஆம் ஆண்டில் அத்திருத்தந்தை கொண்டிருந்த ஆவலும் நிறைவேறவில்லை. அந்நகரை அடுத்துள்ள தலீல் விமானத்தளம் 2003இல் போரின் முதல் நாட்களிலேயே படைப்பாசறையாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மார்ச் 6 அன்று அங்கே நின்று, பிற சமயத்தாரோடு சேர்ந்து அமைதிக்காக மன்றாடினார்.

எலியாவை நினைத்துப் பார்ப்போம். கர்மேல் மலையில் இறைவனின் நெருப்பைக் கண்டவர். பாகாலின் இறைவாக்கினரைக் கீசோன் ஓடையருகே வாளுக்கு இரையாக்கியவர். அவரே உயிருக்கு அஞ்சி ஓரேபு மலைக்கு ஓடினார். அங்கே மலைகளைப் பிளக்கும் சுழற்காற்று வீசியது. ஆண்டவர் அதில் இல்லை. நிலநடுக்கத்திலும் இல்லை, தீயிலும் இல்லை. மெல்லிய ஒலி கேட்டபோதுதான் அவர் தம் முகத்தை மூடிக்கொண்டார். வெற்றியின் நெருப்பில் கண்ட கடவுளை எப்போதும் நெருப்பிலேயே தேடலாகாது என்று அவர் கற்றுக்கொண்ட இடம் அது.

நல்லோர்மீதும் தீயோர்மீதும் ஒருங்கே மழை பொழியச் செய்யும் தந்தையை இயேசு நமக்குக் காட்டினார். அத்தந்தையின் வானத்தை எந்த அணியின் கொடியாகவும் நாம் ஏற்ற முடியாது. நம் வீட்டு வழக்கிலும் ஊர்ப் பகையிலும், எதிரிக்கு நேர்ந்த இடரை இறைவனின் தீர்ப்பென்று மகிழ நம் நாவு எழும்போது, அந்தச் செம்மஞ்சள் வானத்தை நினைவுகூர்வோம். புயலின்கீழ் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே புழுதியைத்தான் சுவாசித்தனர்.