காதல் நாவல்களுக்குள் சமுதாயக் கேள்விகள்

மகளிர் எழுதும் காதல் நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. எனினும், பெண்ணின் துயரம் பெருந்திரளான வாசகரைச் சென்றடைந்த வழிகளுள் இக்கதைகளும் ஒன்று என்பதை வரலாறு காட்டுகிறது.

1925ஆம் ஆண்டு முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். சிறுவயதிலேயே மணம் செய்விக்கப்பட்ட அவர் பள்ளி சென்று பயிலாதவர். தம் முதற்படைப்பான நாடகத்தை அவர் சொல்ல, தோழி ஒருவரே எழுதினார். பின்வந்த லட்சுமி, மருத்துவராக இருந்துகொண்டே, படித்த பெண்ணின் தன்மதிப்பைக் குடும்பக் கதைக்குள் கொணர்ந்தார். சிவசங்கரியின் ‘47 நாட்கள்’ வெளிநாட்டு மாப்பிள்ளை என்னும் மயக்கத்தை உடைத்தது. கணவனுக்கு வேறொரு மனைவி உண்டென மணமான பின்னரே அறியும் பெண்ணின் கதை அது. 1981இல் கே. பாலசந்தர் அதனைத் திரைப்படமாக்கினார்.

ரமணிசந்திரன் வழிவந்த இன்றைய காதல் நாவல்களில் நாயகி பெரும்பாலும் படித்தவள், ஊதியம் ஈட்டுபவள். வரதட்சணை, குடும்ப வன்முறை, மணமுறிவு ஆகியனவும் அவற்றில் பேசப்படுகின்றன. ஆயினும், பல கதைகளில் அச்சிக்கல்களை நாயகனின் செல்வமோ அன்போ தீர்த்துவிடுகிறது. அவனது சினமும் வற்புறுத்தலும் காதலின் ஆழமாகக் காட்டப்படுவதும் உண்டு. இளம் வாசகர் அதனையே இயல்பு எனக் கொள்ளக்கூடும்.

இந்நாவல்களை மாணவர் கையிலிருந்து பறிப்பதால் பயனில்லை. நாயகி ‘வேண்டாம்’ என்று சொன்னால் கதை அச்சொல்லை மதிக்கிறதா, அவளது சிக்கலைத் தீர்ப்பவர் யார் என்னும் வினாக்களை வகுப்பறையில் எழுப்புவோம்.