வராத பையனைத் தேடி...

உங்கள் வீட்டு பீரோவில் ஒரு காஞ்சிபுரம் பட்டுப்புடவை இருக்கிறதா? அம்மாவுடைய கல்யாணப் புடவையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நிமிஷம் எடுத்து விரித்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். தைத்த அடையாளமே இருக்காது. தறியிலேயே இழைக்கு இழை கோத்து நெய்தது. 'கோர்வை' என்பார்கள். ''புடவை கிழிஞ்சாலும் கரை பிரியாதுங்க'' என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்தக் கோர்வைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு இருப்பதோ இரண்டே கை! ஆகவே, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொரு ஆள் தேவை. பல தலைமுறைகளாக அந்த ஆள் யார் தெரியுமா? வீட்டுப் பையன். அல்லது பெண். வீட்டில் பிள்ளை இல்லையென்றால், அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்த யாரோ ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை.

வாத்தியார் ரிஜிஸ்டரில் 'ஆப்சென்ட்' போட்ட பையன், இங்கேதான் தினமும் 'பிரசென்ட்'!

அவனை வகுப்புக்குக் கூட்டிவர என்னென்னவோ நடந்திருக்கிறது. அதைப் பார்க்கும் முன், ஒரு நடை அமெரிக்காவுக்குப் போய் வரலாம்.

இன்று பெரிய பள்ளிகளில் 'கவுன்சலர்' என்று ஒருவர் இருக்கிறார். தனி அறை, மேஜை, எதிரே தலைகுனிந்தபடி ஒரு மாணவன். இந்தத் தொழில் இப்படி அறைக்குள் பிறந்ததில்லை. 1908-ல் பாஸ்டன் நகரில், பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டு ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பேட்டையில், அவர்களுக்காக நடந்த ஒரு சமூக இல்லத்தில்தான் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லும் முதல் மையத்தைத் திறந்தார். அதே வருஷம் இறந்தும் போனார். பிற்பாடு அந்தத் தொழில் பள்ளிக்கூடத்துக்குள் குடியேறி, கதவைச் சாத்திக்கொண்டது.

1992-ல் டெரால்ட் விங் சூ உள்ளிட்ட மூன்று அமெரிக்க அறிஞர்கள் ஆலோசகர்களுக்கு ஓர் இலக்கணம் எழுதினார்கள். சாரம் இதுதான்: முதலில் உன் மனசில் இருக்கும் முன்முடிவுகளைத் தெரிந்துகொள். அடுத்து, எதிரே இருப்பவரின் உலகத்தை அவர் கண்ணால் பார். பிறகு, அந்த உலகத்துக்குப் பொருந்துகிற வழியைச் சொல். அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் இது நடக்குமா? தெருவுக்குப் போயாக வேண்டும். பார்சன்ஸ் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்!

சரி, காஞ்சிக்குத் திரும்புவோம்.

பார்சன்ஸின் புத்தகம் அவர் இறந்தபின் 1909-ல் வெளியானது. அதே 1909-ல் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. குடும்பத்தின் பணக் கஷ்டத்தால் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டு, நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். பிறகுதான் மறுபடி படித்துக் கல்லூரிக்குப் போனார். அவருக்கே அந்த நிலைமை என்றால், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் மற்றப் பிள்ளைகளின் படிப்பு எத்தனை மெல்லிய நூலில் தொங்கியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1953-ல் முதல்வர் ராஜாஜி ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதி நாள் படிக்கலாம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். இருக்கிற பள்ளியிலேயே இரண்டு ஷிப்ட் நடத்தினால் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. ''அப்போ தறிக்காரர் பிள்ளை கடைசிவரைக்கும் தறிக்காரர்தானா?'' என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. 'குலக்கல்வி' என்று பெயர் வைத்துப் பெரியாரும் அண்ணாவும் போராடினார்கள். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் தொழிலை, பழக்கவழக்கத்தைப் புரிந்துகொள்வது நல்ல விஷயம்தான். ஆனால், 'உன் குடும்பம் இது, ஆகவே நீயும் இது' என்று பிள்ளையைக் கட்டிப்போட்டால், அந்தப் புரிதலே வேலியாகிவிடும்.

இன்னொரு வழியைக் காட்டியவரும் இந்த மண்ணுக்காரர்தான். காஞ்சிபுரம் பக்கத்தில் நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் 1912-ல் பிறந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தில் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றி, 1954-ல் கல்வித் துறையின் இயக்குநரானார். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குக் கிராமத்தில் கிடைத்த பதில்கள் ரொம்பச் சாதாரணமானவை. வயிற்றில் சோறில்லை. மேலே போட்டுக்கொள்ளச் சட்டையில்லை.

1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பிறந்தது. முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த நன்கொடையில். பிறகு அரசு மானியமும் சேர்ந்தது. 1958-ல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. ஊரே திரண்டு கரும்பலகை, பெஞ்சு, சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தது. அப்புறம் மாநிலம் முழுக்க மாநாடுகள். ஊருக்குப் பள்ளிக்கூடம் சொந்தமானது அப்போதுதான்.

ஆனாலும், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் முழுசாக எழுந்து வரவில்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதிலே ஒரு சந்து. குடும்பத்தோடு வீட்டிலேயே செய்யும் வேலைக்கு விலக்கு உண்டு! காஞ்சியில் தறி எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளேதானே? 1996 டிசம்பரில், சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாகக் கிடந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் அதில் இருந்தது.

அந்தப் பத்து, பதினைந்து வருஷங்களில் சிறப்புப் பள்ளிகள் வந்தன. இந்திய - அமெரிக்க அரசுகள் சேர்ந்து நடத்திய 'இண்டஸ்' திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்வான ஐந்து மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. இந்த வேலைக்காகத் தறித் தெருவுக்குள் போகிறவருக்கு முதலில் என்ன தோன்றும்? 'பெத்த பிள்ளையை வேலைக்கு அனுப்பறாங்களே, இவங்களெல்லாம் மனுஷங்களா?'

இதைத்தான் அந்த 1992 இலக்கணம் முன்முடிவு என்கிறது.

திண்ணையில் உட்கார்ந்து பேசினால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஊறும். வேலை நிற்கும். கூலி நிற்கும். முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கவேண்டி வரும். முகூர்த்த மாசம் வந்தால் அவசர ஆர்டர். கூட ஆள் வைத்தால் அதற்கும் கூலி. ''பையன் ஸ்கூலுக்கு வந்துட்டா, கரையை யாருங்க பிடிக்கிறது?'' என்று ஒரு தாய் கேட்டால், 'கல்வியே செல்வம்' என்று சொல்லிவிட்டு வரமுடியுமா? அந்த அட்வான்ஸை எப்படி அடைப்பது என்று அவர் கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கடன் பிள்ளையின் படிப்போடு சம்பந்தப்படுவது இங்கேதான். வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம் பேசும் நெசவுக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

நிலைமை இப்போது மாறிவிட்டது. தறி வீட்டுப் பிள்ளைகள் பலர் தறி பக்கமே திரும்புவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலை பஸ்கள் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போகின்றன. 'படிச்சு என்ன ஆகப்போகுது, கம்பெனிக்குப் போயிடறேன்' என்று நினைக்கும் ப்ளஸ் டூ பையனிடம் பழைய குழித்தறிக் கதை எடுபடாது. ஊர் மாறினால் ஊரை மறுபடி படிக்கத்தான் வேண்டும்.

2018-ல் தமிழக அரசு மாணவர்களுக்காக 14417 என்ற உதவி எண்ணைத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால், போன் பண்ணத் தோன்றாத பையனுக்கு யாராவது நேரில்தானே போகவேண்டும்? அதற்கும் வழி இருக்கிறது. 2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். தெருவைத் தெரிந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்காமல், நாலு வார்த்தை கேட்டால் போதும்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் கவுன்சலர் இருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது ஒன்று கேளுங்கள். ''நம்ம பசங்க குடியிருக்கற தெருவுக்கு எப்பவாவது போயிருக்கீங்களா?'' இல்லை என்றால் கோபப்படாதீர்கள். நீங்களே ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.