ஆடையில் ஒட்டும் விதைகளை நீக்குதல்

ஆடையில் ஒட்டும் விதைகளை நீக்குதல் என்பது தரிசு நிலம், புல்வெளி, வயல்வரப்பு, காட்டுப்பாதை முதலிய இடங்களில் நடப்போரின் உடையிலும் காலணியிலும் பற்றிக்கொண்ட கனிகளையும் விதைகளையும் துணி பாழாகாமல் எடுத்து, அவை வேறோர் இடத்தில் முளைக்காதபடி அழிப்பதாகும். தாவரவியலில் இவ்வகை ஒட்டுதல், விலங்குகளின் வெளியுடல் வழியாக நிகழும் விதை பரவல் எனப்படுகிறது. ஆட்டின் உரோமத்தில் பற்றும் அதே உறுப்பே வேட்டியின் விளிம்பிலும் சேலையின் கரையிலும் காலுறையிலும் பற்றுகிறது. ஒட்டிய விதையைப் பிய்த்து வழியோரத்தில் எறிவதால் ஆடை தூய்மையாகிறது; ஆனால் செடி நாடிய பரவலும் அப்போதே நிறைவேறிவிடுகிறது. எனவே விதையை எப்படி நீக்குவது என்பதைப் போலவே எங்கே நீக்குவது, நீக்கியதை என்ன செய்வது என்பனவும் முதன்மையானவை.

ஒட்டும் முறைகள்

ஒட்டும் விதைகள் அனைத்தும் ஒரே முறையில் பற்றுவதில்லை. பற்றும் முறையைப் பொறுத்தே நீக்கும் முறையும் அமைவதால், அவற்றை நான்கு வகைகளாகப் பிரித்து அறியலாம். செடிகளின் தமிழ்ப் பெயர்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுவதுண்டு.

கொக்கி வகை: காயைச் சுற்றியுள்ள முட்களின் நுனி கொக்கி போல் வளைந்திருக்கும். சாந்தியம் பேரினத்தைச் சேர்ந்த மருளூமத்தை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆடையொட்டி, ஒட்டுத்துத்தி ஆகியவற்றின் காய்களும் இவ்வாறே நூலிழைகளில் மாட்டிக்கொள்கின்றன. டெஸ்மோடியம் பேரினச் செடிகளில் தட்டையான காய் கணுக்கணுவாக உடையும். ஒவ்வொரு துண்டின் மேலும் நுண்ணிய கொக்கிமயிர்கள் செறிந்திருப்பதால் அவை முட்களின்றியே துணியில் படிந்துவிடும்.

ஊசி வகை: கூர்முனை துணிக்குள் நுழைந்த பின், பின்னோக்கிச் சாய்ந்த நுண்முட்களோ மயிர்களோ அது வெளியேறாமல் தடுக்கும். ஊசிப்புல், ஒட்டுப்புல் ஆகியவை இவ்வகையின. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு உலகின் வெப்பப் பகுதிகளெங்கும் பரவிவிட்ட பைடன்ஸ் பைலோசா என்னும் செடியின் விதை, மெல்லிய கரிய குச்சி போலிருக்கும். அதன் நுனியிலுள்ள இரண்டு அல்லது மூன்று முட்களில் பின்னோக்கிய கூர்கள் உள்ளன. நாயுருவியின் காய்கள் கதிரில் கீழ்நோக்கி மடிந்திருப்பதால், உரசிச் செல்லும் ஆடையில் அவற்றின் முள்போன்ற சிற்றிலைகள் எளிதில் பற்றுகின்றன.

பசை வகை: காயின் மேலுள்ள சுரப்பிகள் பிசுபிசுப்பான நீர்மத்தைச் சுரக்கும். மூக்கிரட்டையின் காய்களும், கொடிவேலி எனப்படும் சித்திரமூலத்தின் புல்லிவட்டமும் இவ்வாறு ஒட்டும்.

குத்தும் வகை: நெருஞ்சியின் கனி முதிர்ந்ததும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். உறுதியான முட்களைக் கொண்ட இத்துண்டுகள் தரையில் கிடந்து, மிதிக்கும் செருப்பிலும் மிதிவண்டியின் சக்கரத்திலும் குத்தி ஏறுகின்றன. புலிநகம் என்னும் செடியின் கடினமான காயில் இரு கூரிய வளைநகங்கள் உள்ளன. அச்செடி மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளிலிருந்து இந்தியாவுக்கு வந்ததாகும்.

நீக்கும் முறைகள்

ஆடையை முதலில் நிழலில் உலர விடவேண்டும். உலர்ந்த காயின் கொக்கிகள் எளிதில் முறியும்; ஈரத்தில் அவை நெகிழ்ந்து மேலும் சிக்கும். ஊசிப்புல்லுக்கு உலர்த்துதல் இன்னும் இன்றியமையாதது. அதன் நீண்ட வால் கயிறு போல் முறுக்கியிருக்கும். நீர் பட்டால் முறுக்கு அவிழ்ந்து சுழலும். காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். விதையை மண்ணுக்குள் செலுத்துவதற்கான இவ்வமைப்பு, நனைத்த துணியிலும் விதையை உட்புறமாகத் துளைத்துச் செல்லச் செய்யும். ஆகவே விதைகளை எடுக்காமல் துணியை ஊறவைத்தல் கூடாது. சலவை இயந்திரத்தில் இட்டால் அவை பிற துணிகளுக்கும் பரவும்.

உலர்ந்த ஆடையை வெள்ளைத் துணி அல்லது விரித்த நாளிதழ் மீது வைத்துப் பின்வருமாறு நீக்கலாம்.

1. கொக்கியுள்ள காய்கள்: துணியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சீப்பின் பற்களைக் காய்க்கும் துணிக்கும் இடையே செலுத்தி மேல்நோக்கி நெம்பவேண்டும். நேராகப் பிடித்து இழுத்தால் எல்லாக் கொக்கிகளும் ஒருசேர நூலை இழுத்துத் துணியில் கண்ணிகளை உண்டாக்கும். கம்பளி ஆடையில் ஆழமாகச் சிக்கிய காயை இடுக்கியால் நசுக்கி உடைத்துத் துண்டு துண்டாக எடுப்பது நல்லது.

2. தட்டையான ஒட்டுகாய்த் துண்டுகள்: இவற்றை ஒவ்வொன்றாகப் பறிப்பதைவிட, மழுங்கிய கத்தியின் விளிம்பு அல்லது பழைய நெகிழி அட்டையால் ஒரே திசையில் வழித்தெடுத்தல் விரைவானது. எஞ்சியவற்றை ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்து எடுக்கலாம்.

3. ஊசி வகை விதைகள்: பின்னோக்கி இழுத்தால் முட்கள் எதிர்க்கும், விதை முறிந்து முனை துணிக்குள் தங்கிவிடும். பின்னர் அது தோலில் குத்தி அரிப்பை உண்டாக்கும். துணியின் மறுபுறத்தில் முனை தெரிந்தால் அதைப் பிடித்து, விதை நுழைந்த திசையிலேயே முன்னோக்கி உருவவேண்டும். காலுறைகளை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பார்த்தால் முனைகள் தெளிவாகத் தெரியும்.

4. பசை வகை: பெரும்பகுதியை விரலாலோ நாடாவாலோ எடுத்தபின், எஞ்சும் பிசுபிசுப்பை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம்.

5. செருப்பிலும் காலணியிலும்: அடிப்பகுதியின் வரிப்பள்ளங்களில் சிக்கிய மண்ணையும் விதைகளையும் குச்சியால் கிளறிக் கடினமான தூரிகையால் தேய்த்து எடுக்கவேண்டும். நெருஞ்சி முள்ளைக் கையால் பிடுங்காமல் இடுக்கியால் எடுப்பது பாதுகாப்பானது.

பலரும் பார்க்கத் தவறும் இடங்கள் காற்சட்டையின் மடிப்பு, பையின் உட்தையல், காலணிக் கயிறு, காலணியின் நாக்குப் பகுதி, வெல்குரோ பட்டை ஆகியவையாகும். உடன் வந்த நாயின் காது, விரலிடுக்கு ஆகியவற்றையும் சோதிக்கவேண்டும். புல் விதைகள் அங்கு தோலைத் துளைத்து உட்சென்று சீழ் கட்டச் செய்யக்கூடும்.

நீக்கியவற்றை அழித்தல்

விரிப்பில் சேர்ந்த விதைகளை உதறிவிடாமல் மடித்து எடுத்து, கொதிநீரில் இட்டோ எரித்தோ அழிக்கலாம். இயலாவிடில் இறுக மூடிய உறையில் இட்டுக் குப்பையில் சேர்க்கலாம். எருக்குழியில் இடுவது ஏற்றதன்று. வீட்டு எருக்குழியின் வெப்பம் எல்லா விதைகளையும் கொல்லும் அளவுக்கு உயர்வதில்லை. மருளூமத்தையின் ஒரு காயில் பொதுவாக இரு விதைகள் உள்ளன. ஒன்று முதலில் முளைக்க, மற்றொன்று பின்னர் முளைக்கும். அதனால் ஒரு காய் விழுந்த இடத்தில் முதல் நாற்றைப் பிடுங்குவதோடு வேலை முடிவதில்லை. அதன் விதைகளும் இளநாற்றுகளும் கால்நடைகளுக்கு நஞ்சாவதால், காய்களைத் தொழுவத்தின் அருகே எறிவதும் தீங்கானது.

கம்பளித் தொழிலில்

ஆட்டு உரோமத்தில் சிக்கிய ஒட்டுமுட்கள் கம்பளியின் மதிப்பைக் குறைக்கின்றன. கம்பளி ஆலைகளில் இவற்றை நீக்கக் கரியாக்கல் என்னும் வேதிமுறை கையாளப்படுகிறது. கம்பளியை நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்து, உலர்த்திச் சூடேற்றினால், தாவரப் பொருளிலுள்ள செல்லுலோசு சிதைந்து நொறுங்கும் கரியாகிவிடும். பின்னர் உருளைகளுக்கிடையே நசுக்கி உதறினால் அது தூளாக உதிரும். கம்பளி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனதால் பெரிதும் சிதையாமல் தப்புகிறது. பருத்தியும் செல்லுலோசால் ஆனதே என்பதால் பருத்தித் துணிக்கு இம்முறை பொருந்தாது.

அமிலம் விதைகளை அழிப்பினும், ஆலைகளில் கம்பளியைக் கழுவும் நீரில் அவை உயிரோடு வெளியேறியதுண்டு. ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றங்கரையில் உள்ள கம்பளி ஆலைகளை ஒட்டி முளைத்த அயல்நாட்டுச் செடிகளை ஐடா ஹேவர்டு, ஜார்ஜ் கிளாரிட்ஜ் துரூஸ் ஆகியோர் ஆராய்ந்து 1919இல் நூலாக வெளியிட்டனர். அதில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. அவை தொலைநாட்டு ஆடுகளின் உரோமத்தில் ஒட்டி வந்தவை.

வெல்குரோ

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் (1907–1990), 1941இல் தம் நாயுடன் மலைப்பகுதியில் நடந்து திரும்பியபோது ஆடையிலும் நாயின் உரோமத்திலும் ஆர்க்டியம் என்னும் செடியின் காய்கள் ஒட்டியிருக்கக் கண்டார். நுண்நோக்கியில் நோக்கியபோது, அவற்றின் கொக்கிகள் நூலின் கண்ணிகளில் மாட்டியிருப்பது புலனாயிற்று. அதனைப் பின்பற்றி ஒரு பட்டையில் கொக்கிகளும் மறுபட்டையில் கண்ணிகளும் கொண்ட இணைப்பானை உருவாக்கி 1955இல் காப்புரிமை பெற்றார். வெல்வெட், கொக்கி ஆகியவற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களின் சேர்க்கையே வெல்குரோ என்னும் பெயர். அப்பட்டையும் விதைகளைப் பற்றி ஊர் கடத்தும் இடமாக மாறியுள்ளது குறிப்பிடத்தக்கது.

சூழலியல் முதன்மை

மனிதப் போக்குவரத்தால் ஒட்டுவிதைகள் கடல் கடந்தும் பரவியுள்ளன. சாந்தியம் ஸ்பினோசம் என்னும் முட்செடி, சிலி நாட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு இறக்குமதியான குதிரைகளின் வாலிலும் பிடரி மயிரிலும் ஒட்டி 19ஆம் நூற்றாண்டில் அங்கு நுழைந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் அது அந்நாட்டுக் கம்பளித் தொழிலுக்குப் பெரும் தொல்லையாயிற்று. நெருஞ்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் களையாகப் பரவியதால், அதனைத் தின்னும் இரு வகைக் கூன்வண்டுகள் 1961இல் அங்கு கொண்டுசென்று விடப்பட்டன.

அண்டார்க்டிக்காவில் இச்சிக்கல் மேலும் கூர்மையானது. 2007–08 கோடைக்காலத்தில் அங்குச் சென்ற சுற்றுலாப் பயணிகள், அறிவியலாளர்கள் முதலியோரின் உடைகளும் பைகளும் சோதிக்கப்பட்டன. 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, விதைகளுடன் வந்தவர்கள் சராசரியாக ஆளுக்கு 9.5 விதைகளைச் சுமந்து வந்தனர். சுற்றுலாப் பயணிகளைவிட அறிவியலாளர்களின் உடைமைகளிலேயே விதைகள் மிகுந்திருந்தன. போவா அன்னுவா என்னும் புல் 1985–86இல் கிங் ஜார்ஜ் தீவிலுள்ள போலந்து ஆய்வுநிலையத்தின் அருகே காணப்பட்டது. அங்கு செல்வோர் கப்பல் ஏறுமுன் பைகளையும் வெல்குரோ பட்டைகளையும் உறிஞ்சுகருவியால் தூய்மை செய்வது இப்போது நடைமுறையாகும். நியூசிலாந்துக்குள் நுழைவோரும் பயன்படுத்திய நடைக்காலணிகளைப் பற்றி அறிவிக்கவேண்டும்.

தவிர்க்கும் வழிகள்

நெருக்கமாக நெய்த வழவழப்பான துணியில் விதைகள் குறைவாகவே பற்றும். கம்பளி, பின்னலாடை, பஞ்சுபோன்ற மேற்பரப்புடைய துணி ஆகியவற்றில் மிகுதியாகப் பற்றும். காலுறையின் மேல் காற்சட்டையை விடுதல், காலுறையைத் துணிப்பட்டையால் மூடுதல், மழைக்காலம் முடிந்து செடிகள் காயும் மாதங்களில் பாதையை விட்டு விலகாதிருத்தல் ஆகியவை பயன் தரும். நடை தொடங்கிய இடத்தை விட்டு நீங்குமுன் ஆடைகளைச் சோதித்து, எடுத்த விதைகளை உறையில் இட்டுக்கொள்வது சிறந்தது. இதனால் ஓரிடத்துச் செடி அடுத்த இடத்துக்குச் செல்லாது.

கல்வியில்

விதை பரவலை விளக்கும் எளிய செய்முறையாகப் பள்ளிகளில் காலுறைச் சோதனை செய்யப்படுவதுண்டு. காலணியின் மேல் பழைய கம்பளிக் காலுறையை அணிந்து மாணவர்கள் புல்வெளியில் நடப்பர். ஒட்டிய விதைகளைக் கொக்கி, ஊசி, பசை எனப் பிரித்து உருப்பெருக்கியில் நோக்கி வரைவர். சில விதைகளைத் தட்டிலுள்ள ஈரமண்ணில் இட்டு முளைப்பதைக் கவனிப்பர். ஒருவர் தம்மை அறியாமல் எத்தனை செடிகளைச் சுமந்து வந்தார் என்பதை இச்சோதனை எண்ணிக்கையாகவே காட்டிவிடும். சோதனை முடிந்ததும் நாற்றுகளைப் பூக்கும் முன்பே பிடுங்கி அழிப்பதும் இச்செய்முறையின் ஒரு பகுதியாகும்.